திருமலையிலிருந்து கணக்காளர் பரீட்சைக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வருடத்தில் இரண்டு மூன்று பேராவது என்னிடம் இதே கேள்வியோடு வருவார்கள். "அண்ணா, சாட்டட் செய்யவா, ஏசிசிஏ செய்யவா, சீமா செய்யவா? எது திறம்?" மூன்றும் கணக்காளர் பரீட்சைகள். வர்த்தகப் பிரிவில் நன்றாகச் செய்த பிள்ளைகள். ஐந்தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் எங்கே, என்ன வேலை செய்ய நினைக்கிறீர்கள்?" என்பதுதான். அதைப் பற்றி அநேகமானவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணா எதைச் செய்தாரோ அதையே செய்ய வந்திருப்பார்கள்.

நான் திருகோணமலையில் தமிழ்மூலம் படித்து, பிறகு ஆங்கிலத்தில் இந்தப் பரீட்சைகளை எழுதியவன். எனக்கு அப்போது யாரும் சொல்லித் தராதவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பாதை?

ஒரு கடைக்கோ ஹோட்டலுக்கோ கணக்கு எழுத எந்த உரிமமும் தேவையில்லை. கம்பனியொன்றின் நிதிக்கூற்றுகளைக் கணக்காய்வு செய்து, கணக்காய்வாளர் என்று கையொப்பமிடுவது வேறு. அதற்குச் சட்டம் தகுதி கேட்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இதைச் சொல்கிறது. சொந்தமாகக் கணக்காய்வு அலுவலகம் திறந்து கையொப்பமிட ஆசை என்றால், 1959இல் சட்டத்தின் மூலம் உருவான இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்புரிமைதான் நேரான வழி. நாங்கள் சாட்டட் என்று சொல்வது இதைத்தான். பரீட்சைகளோடு அங்கீகாரம் பெற்ற இடமொன்றில் மூன்று வருடப் பயிற்சியும் கட்டாயம்.

வளைகுடா நாடு, இங்கிலாந்து, வெளிநாட்டுக் கம்பனி என்று மனம் போனால் ஏசிசிஏ பொருந்தும். 1904இல் லண்டனில் தொடங்கிய அமைப்பு அது. மூன்று நிலைகளில் மொத்தம் 13 பாடங்கள். சீமா முகாமைத்துவக் கணக்கீட்டுக்கானது. தொழிற்சாலையொன்றில் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு, அடுத்த வருடத்துக்கான பாதீட்டைப் போட்டு, முகாமையாளருக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் ஆர்வமிருந்தால் அந்தப் பக்கம் பாருங்கள். சீனன்குடா மாவாலையையோ சீமெந்து ஆலையையோ நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தொன்னுக்கு என்ன செலவு என்று தினமும் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் மாமா இருக்கிறார், அங்குள்ள கணக்காளர் தகுதியான சிபிஏ செய்யலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அந்தப் பரீட்சை நாடு முழுவதற்கும் ஒன்றுதான். உரிமத்தைக் கொடுப்பது ஒவ்வொரு மாநிலத்தின் சபை. மாநிலமே உரிமம் கொடுக்கும் ஏற்பாடு 1896இல் நியூயோர்க் மாநிலம் போட்ட முதல் சட்டத்தோடு தொடங்கியது. அந்தப் பரீட்சை 2024இலிருந்து எல்லோருக்கும் பொதுவான மூன்று பகுதிகளும், நாமே தெரிவு செய்யும் ஒரு பகுதியும் என மாறியிருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் நான்கு மணித்தியாலம். மாநிலங்கள் பட்டப்படிப்பும் கேட்பதால், உயர்தரம் முடித்த கையோடு யோசிக்க வேண்டிய பாதை அது இல்லை.

ஆங்கிலம் இப்போதைக்குக் கைகொடுக்காது என்று நினைப்பவர்களுக்கு ஏ.ஏ.ரி நல்ல ஆரம்பம். கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளருக்கென 1987இல் தொடங்கிய இலங்கை அமைப்பு. அதன் பரீட்சைகளைத் தமிழிலேயே எழுதலாம். முடித்தவர்களுக்கு மேலே உள்ள பரீட்சைகளில் சில பாடங்களுக்கு விலக்களிப்பும் கிடைக்கும், அதாவது அவற்றை எழுதத் தேவையில்லை. சாட்டட் பதிவுக்குப் போகிறவர்கள் எந்த நிலையை எந்த மொழியில் எழுதலாம் என்று பதியும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். அண்ணாவின் பழைய புத்தகத்தை நம்பி உட்காரக் கூடாது.

பெயர்

இதைச் சின்ன விடயம் என்று தாண்டிப் போகாதீர்கள். எங்கள் பெயர்களில் முதலெழுத்து இருக்கிறது, அப்பாவின் பெயர் இருக்கிறது, குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி, உயர்தரச் சான்றிதழில் வெறும் முதலெழுத்தோடு, கடவுச்சீட்டில் எல்லாவற்றையும் விரித்து. இப்படி நான்கு இடத்தில் நான்கு விதமாக இருப்பது எங்களுக்குப் பழகிப்போன விடயம். பரீட்சை நிலையத்து மேற்பார்வையாளருக்கு அது பழக்கமில்லை. பதிவிலுள்ள பெயரும் நீங்கள் நீட்டும் அடையாள ஆவணமும் பொருந்தவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய காசும் திரும்பி வராது.

ஆகவே பதிய முதல் எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். பரீட்சை அன்று எந்த ஆவணத்தைக் கொண்டுபோவீர்களோ, அதிலுள்ளபடியே பதியுங்கள். கடவுச்சீட்டு இருந்தால் அதை அடிப்படையாக வைப்பது நல்லது. வித்தியாசம் இருந்தால் சத்தியக்கடதாசி ஒன்றும், தமிழ்ப் பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் எடுத்து வையுங்கள். இவற்றுக்கு நாள் எடுக்கும். பதிவு முடியும் கடைசி வாரத்தில் ஓடித் திரிய வேண்டாம்.

காசு

ஏசிசிஏ, சீமா என்றால் கட்டணம் பவுணில். நாங்கள் உழைப்பது ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த இரண்டு மாதங்களில் படிப்பை இடைநிறுத்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதனால் வீட்டில் கணக்குப் போடும்போது பவுணிலேயே போடுங்கள். பதிவுக் கட்டணம், வருடாந்தச் சந்தா, ஒவ்வொரு பாடத்துக்குமான பரீட்சைக் கட்டணம், விலக்களிப்புக்கான கட்டணம், வகுப்பு, கொழும்புக்குப் போய்வரும் செலவு, ஒரு பாடத்தையாவது திரும்ப எழுத வேண்டி வரும் என்ற ஒதுக்கீடு. கடைசியில் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. கட்டாயம் எழுதுங்கள்.

விலக்களிப்புக் கிடைக்கும் பாடங்களை எல்லாம் உடனே எடுத்துவிட வேண்டும் என்றும் இல்லை. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியிலுள்ள வளாகத்திலோ வேறு பல்கலைக்கழகத்திலோ வர்த்தகம், முகாமைத்துவம் படித்தவர்களுக்குப் பாடங்களைப் பொறுத்து ஏசிசிஏயின் கீழ் இரண்டு நிலைகளில் விலக்களிப்புக் கிடைக்கலாம். மேல்நிலைக்கு யாருக்கும் கிடையாது. நிதி அறிக்கையிடல் பாடத்துக்கு விலக்குக் கிடைத்தாலும் எழுதிவிட்டுப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதை விட்டுவிட்டு மேலே போனவர்கள், மேல்நிலை வணிக அறிக்கையிடலில் அத்திவாரம் இல்லாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சை எப்படி நடக்கிறது

ஏசிசிஏயின் முதல் மூன்று பாடங்கள் இரண்டு மணித்தியாலக் கணினிப் பரீட்சைகள். நமக்கு வசதியான நாளில் எழுதலாம், பெறுபேறு அந்த இடத்திலேயே திரையில் வந்துவிடும். அடுத்த ஆறு பாடங்களில் சட்டப் பாடத்தை நினைத்த நாளில் எழுதலாம். மற்ற ஐந்தும் மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் தவணைகளில் வரும், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். மேல்நிலையில் இரண்டு பாடம் கட்டாயம், நான்கில் இரண்டு தெரிவு. எல்லாவற்றுக்கும் 50 புள்ளி எடுத்தால் சித்தி. மேல்நிலையில் முதல் பாடம் சித்தியடைந்த நாளிலிருந்து ஏழு வருடத்துக்குள் மற்றவற்றை முடிக்க வேண்டும்.

சீமாவில் புள்ளி வேறு விதம். ஒவ்வொரு பாடத்துக்கும் 90 நிமிடத்தில் 60 வினாக்கள், சித்தி 150க்கு 100. அதற்கு மேலே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கம்பனியின் கதையை வைத்துக் கேட்கும் மூன்று மணித்தியால நிகழ்வாய்வுப் பரீட்சை, அதில் சித்தி 150க்கு 80. அமெரிக்க சிபிஏயில் 75 எடுக்க வேண்டும். அந்த 75 நூற்றுக்கு 75 வீதம் இல்லை. இதில் பலர் குழம்புகிறார்கள். ஒருவருக்கு வரும் வினாத்தொகுதியும் பக்கத்தில் இருப்பவருக்கு வருவதும் ஒன்றாக இருக்காது. கடினமான தொகுதி வந்தவர் நட்டப்படக் கூடாது என்பதற்காக, வினாக்களின் கடினத்தைக் கணக்கில் எடுத்துப் புள்ளிகளை ஒரே அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். ஆகவே "45 வினா சரி என்றால் பாஸ்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நேரம், மொழி

மூதூரிலிருந்து படிக்க வந்த தங்கச்சி ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணா, எனக்குக் கணக்குத் தெரியும். ஆனா பேப்பர் முடியுதில்லை." எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பிரச்சினை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கணக்கீடு தெரியாமல் தோற்பவர்கள் குறைவு. நேரத்திலும் ஆங்கிலத்திலும்தான் தோற்கிறார்கள். இரண்டையும் பழகலாம்.

நேரத்தை முதலில் பார்ப்போம். மூன்று மணித்தியாலம் என்றால் 180 நிமிடம், 100 புள்ளி. ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம். 20 புள்ளி வினாவுக்கு 36 நிமிடம்தான். முப்பத்தேழாவது நிமிடம் வந்தால் பாதியில் விட்டு அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். கேட்கச் சுலபம், செய்யும்போது மனம் விடாது. நான் முதல் தடவை ஒரு பாடத்தில் தவறியதே இதனால்தான். பரீட்சை மீதி, அதாவது வரவும் செலவும் சமமா என்று பார்க்கும் பட்டியல், 1,800 ரூபாவால் சமப்படவில்லை. பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது: வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றிப் பிரிந்தால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5,300ஐ 3,500 என்று எழுதியிருந்தேன். கண்டுபிடித்தேன், சமப்பட்டது, 25 நிமிடம் போனது. கடைசியில் இருந்த எழுத்து வினாவைத் தொடவே முடியவில்லை. அந்த 1,800 ரூபாவுக்கு ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோதான் போயிருக்கும். திருத்துபவர் நீங்கள் செய்த வழிமுறைக்குப் புள்ளி போடுவார். முதலில் விட்ட பிழை பின்னால் தொடர்ந்து வந்தாலும், பின்னால் செய்தது முறைப்படி சரி என்றால் அதற்குரிய புள்ளி கிடைக்கும். சமப்படாத ஐந்தொகையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோகும் தைரியத்தை வீட்டிலேயே பழகுங்கள்.

ஏசிசிஏ நிதி அறிக்கையிடலை எடுத்தால், 30 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி, அப்புறம் 20 புள்ளி வினாக்கள் இரண்டு. பிழையான விடைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள். ஒரு சிறு வினாவைக்கூட வெறுமையாக விடாதீர்கள். பெரிய வினாக்களைக் கணினியில் விரிதாளில் செய்ய வேண்டும். கணிப்பானில் தட்டி விடையை மட்டும் எழுதினால் வழிமுறை திருத்துபவருக்குத் தெரியாது. கலத்துக்குள் சூத்திரமாகவே போடுங்கள், அவர் அதைத் திறந்து பார்ப்பார். ஏசிசிஏ தன் பயிற்சித் தளத்தை மாணவர்களுக்கு இலவசமாகவே தந்திருக்கிறது. கொப்பியில் பழகிவிட்டுக் கணினியில் எழுதப் போகாதீர்கள்.

மொழிக்கு நான் செய்த வேலை இது. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று எடுத்தேன். இடது பக்கத்தில் தமிழில் படித்த சொல், வலது பக்கத்தில் அதன் ஆங்கிலம். பேரேடு என்றால் லெட்ஜர், பெறுமானத் தேய்வு என்றால் டிப்ரிசியேஷன், கணக்காய்வு என்றால் ஓடிற். இதுவரை எல்லோரும் செய்வார்கள். அதன் கீழே அந்தச் சொல்லை வைத்து ஒரு முழு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதினேன். சொல் தெரிந்தால் வினா விளங்கும், வாக்கியம் எழுதத் தெரிந்தால்தான் புள்ளி. வினாவில் வரும் வினைச்சொல்லையும் பிரித்துப் பாருங்கள். லிஸ்ட் என்றால் பட்டியல் போதும். எக்ஸ்பிளெய்ன் என்றால் ஏன் என்பதும் வர வேண்டும். அட்வைஸ் என்றால் கடைசியில் இதைச் செய்யுங்கள் என்று ஒரு முடிவு இருக்க வேண்டும். முடிவு இல்லாத ஆலோசனைக்குப் புள்ளி கிடைக்காது.

மேல்நிலைக்குப் போகப் போக, மனப்பாடம் செய்த கணக்கீட்டு நியமத்தைக் கொட்டுவதால் பயனில்லை, கதையில் உள்ள ஆளுக்கு அதைப் பொருத்த வேண்டும். ஒரு உதாரணம். உப்புவெளியில் ஒரு ஹோட்டல். மார்ச் 31இல் வருடம் முடிகிறது. ஜனவரியில் விருந்தினர்களிடம் 400,000 ரூபா முற்பணம் வாங்கியிருக்கிறது. அதில் 100,000 ரூபாவுக்குரியவர்கள் மார்ச் மாதத்திலேயே வந்து தங்கிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஏப்ரலுக்குப் பிறகு வருவார்கள். விடையின் முதல் வரியில் விதி: சேவை வழங்கப்படும்போதே வருமானம். இரண்டாவது வரியில் பொருத்தம்: 300,000 ரூபாவுக்கு ஹோட்டல் இன்னும் அறை கொடுக்கவில்லை. மூன்றாவது வரியில் முடிவு: 100,000 வருமானம், 300,000 பொறுப்பு. மூன்று வரி. இரண்டு பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் புள்ளி இல்லை. வங்கியில், கடையில், அப்பாவின் வள்ளக் கணக்கில் கண்ணில் படும் எதையும் இந்த மூன்று வரியில் எழுதிப் பழகலாம்.

எந்தத் தவணை?

இங்கே வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்கு இது முக்கியம். கணக்காய்வு அலுவலகத்தில் இருந்தால் மார்ச் 31க்குப் பிறகு மூச்சுவிட நேரம் இருக்காது. ஜூன் தவணைக்குப் பெரிய பாடத்தை எடுத்தால் அநேகமாகப் பாதியில் நிற்கும். செப்டெம்பர் பரவாயில்லை. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை என்றால் நிலைமை தலைகீழ். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை சீசன். உங்களுக்கு டிசெம்பரும் மார்ச்சும்தான் நல்லது. எப்படியானாலும் முதல் தடவை ஒரு தவணைக்கு ஒரு பாடம். அடுத்ததற்கு இரண்டு. நான்கு எடுக்க அனுமதி இருக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டாம்.

கொழும்பில் பரீட்சை என்றால் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்கப் பஸ்ஸில் குலுங்கிப் போய், முகம் கழுவிவிட்டு மூன்று மணித்தியாலம் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். நிலையத்தை முதல் நாள் மாலையே நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டிலிருந்தே எழுதலாம் என்ற நம்பிக்கையில் திட்டம் போடுவதும் வேண்டாம். மின்சாரமோ இணையமோ ஒரு தடவை போனால் அந்தத் தவணையே போய்விடலாம்.

பெயிலானால்

இரண்டு நாள் கவலைப்படுங்கள். மூன்றாம் நாள் பரீட்சகர் அறிக்கையை எடுத்து வாசியுங்கள். இலவசமாகக் கிடைக்கிறது, எங்கள் பிள்ளைகள் தொட்டும் பார்ப்பதில்லை. எந்த வினாவில் எல்லோரும் எங்கே தவறினார்கள் என்று பரீட்சகரே எழுதி வைத்திருக்கிறார். 40க்கு மேல் வந்திருந்தால் அடுத்த தவணைக்கே அதே பாடத்தைத் திரும்ப எடுங்கள். ஆறிய பிறகு எடுத்தால் முதலிலிருந்து படிக்க வேண்டி வரும்.

பரீட்சைக்குப் பிறகு

எல்லாப் பாடமும் சித்தியடைந்தாலும் நீங்கள் இன்னும் உறுப்பினர் இல்லை. அனுபவமும், நெறிமுறைப் பயிற்சியும் சேர வேண்டும். ஏசிசிஏக்கு 36 மாத வேலை அனுபவம், ஒன்பது செயற்றிறன் இலக்குகள், கணினி வழியான நெறிமுறைப் பாடம் ஒன்று. அந்த வேலை கொழும்பில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. திருமலையில் ஒரு வங்கியிலோ ஆலையிலோ ஹோட்டலிலோ கணக்குப் பிரிவில் செய்த வேலையும் சேரும், தகுதியுள்ள ஒருவர் பார்த்து உறுதிப்படுத்தினால். சாட்டட் என்றால் நிலைமை கடினம். நிறுவகம் அங்கீகரித்த பயிற்சி இடமாக இருக்க வேண்டும், அவை அதிகம் கொழும்பில். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல் அந்த அங்கீகாரத்தை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். "பிறகு பார்க்கலாம் தம்பி" என்று சொன்னால் கையெழுத்து வைக்காமல் எழுந்து வாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஓர் இடத்தில் இரண்டு வருடம் உழைத்தார். அனுபவப் பதிவைக் கடைசியில் ஒன்றாகச் செய்யலாம் என்று விட்டிருந்தார். மேற்பார்வை செய்தவர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். பிறகு அவரைத் தேடிப் பிடித்து, மின்னஞ்சலில் கெஞ்சி, ஒவ்வொன்றாக உறுதிப்படுத்தி எடுக்க எட்டு மாதம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த வேலையை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதி, மேற்பார்வையாளரிடம் அப்போதே உறுதிப்படுத்தி வாங்குங்கள். வேலை மாறுவதாக முடிவெடுத்தால், பதவி விலகல் கடிதம் கொடுக்க முதல் இதை முடியுங்கள்.